ஷாக் அடிக்காதா என்று கேட்டவர்

மின்கார் வைத்திருக்கும் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் அரை மணி நேரத்தில் ஓரிடத்துக்கு வந்துவிடும். “என்கிட்ட ஒருத்தர் என்ன கேட்டார் தெரியுமா?” அப்புறம் ஆளுக்கொன்று. மழையில் ஷாக் அடிக்காதா என்று கேட்ட அம்மா, சக்கரத்தில் டைனமோ வைத்தால் தானாகவே சார்ஜ் ஏறாதா என்று கேட்ட லாரி டிரைவர், காற்றடிக்கப் போன இடத்தில் டேங்க் மூடியைத் தேடிய பெட்ரோல் பங்க் பையன், பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்து “கவர்மென்ட் வண்டியா சார்?” என்று கேட்ட டோல்கேட் ஊழியர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஜனங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை, தெளிவு வர இன்னும் பத்து வருஷம் ஆகும் என்று யாராவது முடித்து வைப்பார்கள்.

2021இலிருந்து நான் மின்கார் ஓட்டுகிறேன். அந்தக் கேள்விகளை எல்லாம் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கேட்டவர்கள் அறியாதவர்கள் என்ற எண்ணமே தவறு என்பது என் கட்சி. அவற்றில் பெரும்பாலானவை கேட்க வேண்டிய கேள்விகள். சிலவற்றுக்குப் பதில் சொல்ல அரசாங்கங்களே விதியை மாற்ற வேண்டிவந்தது. சிலவற்றுக்கு இன்றுவரை பதில் இல்லை, சிரிப்பவர்களிடமும் இல்லை.

அதிகம் சிரிக்கப்பட்ட ஷாக்கையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்கா ஒருவர் உண்டு. ஒரு நவம்பர் மாத மழையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். என் வண்டி அதில் நின்றது. அவருடைய பேரன் வண்டிக் கதவில் கையை வைக்கப் போனான். வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “கரண்ட் வண்டிதானே தம்பி? தண்ணியில நிக்குதே, தொட்டா ஷாக் அடிக்காதா?”

அவர் கொடுங்கையூர்க்காரர். 2017 நவம்பர் 1ஆம் தேதி அதே கொடுங்கையூரில், தேங்கிய மழைத்தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசிப் பதினோரு பேர் மாண்டார்கள். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் அறுந்து விழுந்த கம்பியை மிதித்தவர், கம்பத்தைத் தொட்ட மாடு, மோட்டார் சுவிட்சைப் போட்ட விவசாயி என்று செய்தி வராத வாரம் இல்லை. இந்த ஊரில் பிள்ளை வளர்த்த ஒருவர், மின்சாரமும் தண்ணீரும் ஒன்றாக இருக்கும் இடத்தில் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அவருக்கு ஒரு நல்ல பதில் உண்டு. நம் வீட்டு மின்சாரத்தில் ஒரு முனை பூமியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான் ஈரத்தரையில் நின்றுகொண்டு இன்னொரு முனையைத் தொட்டால் நம் உடம்பு வழியாகப் பாய்கிறது. காரின் பெரிய பேட்டரியில் இரண்டு முனைகளில் எதுவும் வண்டியின் உடலோடு சேர்க்கப்படவில்லை. இரண்டுக்கும் உடலுக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று வண்டியே ஓயாமல் அளந்துகொண்டிருக்கும்; கசிந்தால் எச்சரிக்கும். விபத்தில் மோதினால் உள்ளே இருக்கும் கான்டாக்டர் திறந்து, மின்சாரம் பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே அடைபட்டுவிடும். அந்தப் பெட்டி ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் நீர் புகாதபடி சோதிக்கப்பட்டது. ஐபி67 என்று குறிப்பது அதைத்தான்.

இவ்வளவும் எனக்கு அன்று தெரியாது. அக்காவிடம் “அதெல்லாம் அடிக்காதுக்கா” என்று மட்டும் சொன்னேன். அந்தக் கேள்வி மனதில் உறுத்தியதால்தான் படித்தேன், என் வீட்டையும் பார்த்தேன். வண்டி வாங்கிய புதிதில், பழைய வீட்டின் பதினைந்து ஆம்ப் பிளக்கில் சார்ஜரைச் செருகினால் சில நாள் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. சார்ஜரில் கோளாறு என்றே நினைத்திருந்தேன். எலெக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்த்தார். “எர்த்தே இல்ல சார். ஒயர் போகுது, ஆனா குழி செத்துப்போச்சு” என்றார். வீட்டோரம் புதிதாகக் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றினார். மறுபடி செருகியதும் பச்சை விளக்கு. அதுவரை எத்தனை வருஷமாக எர்த் இல்லாத வீட்டில் வாஷிங் மெஷினும் ஹீட்டரும் ஓடின, ஈரக்கையோடு யார் யார் தொட்டார்கள் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. அக்கா பயந்தது நியாயம்தான். அபாயம் வண்டியில் இல்லை, வண்டியைச் செருகிய சுவரில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தீப்பிடிக்காதா என்ற கேள்வியும் இதே ரகம். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் ஒரு தகப்பனும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அப்போது மின்வாகனக்காரர்களின் கூட்டங்களில் பேச்சு எப்படி இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. பெட்ரோல் வண்டி எரிவதில்லையா, ஏன் இதை மட்டும் ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்றார்கள். பெட்ரோல் வண்டியும் எரியும், உண்மை. ஆனால் பெட்ரோல் வண்டியை யாரும் படுக்கையறைக்குப் பக்கத்தில், ராத்திரி முழுக்க, எல்லாரும் தூங்கும்போது நிரப்புவதில்லை. “தீப்பிடிக்குமா சார்?” என்று கேட்ட கேள்வி தெருவிலிருந்து பத்திரிகைக்கும் பத்திரிகையிலிருந்து தில்லிக்கும் போனது. மத்திய அரசு நிபுணர் குழு போட்டது. மின்வாகன பேட்டரிக்கான விதிகளான ஏஐஎஸ் 156, ஏஐஎஸ் 038 இரண்டும் திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. இன்று கடைக்கு வரும் வண்டி அன்றையதைவிடப் பாதுகாப்பாக இருக்கிறதென்றால், அதில் பயந்து கேட்டவர்களுக்கும் பங்குண்டு.

சத்தமும் அப்படித்தான். “சத்தமே வரலையே, பின்னாடி வந்தா எப்படித் தெரியும்?” என்று நடைப்பயிற்சிக்குப் போகும் பெரியவர் கேட்டால், அமைதியாக ஓடுவது ஒரு குறையா என்று நாம் சிரிக்கிறோம். அமெரிக்காவில் இதைக் கேட்டவர்கள் பார்வையற்றோர். அவர்களுடைய தேசியக் கூட்டமைப்பு விடாமல் வற்புறுத்தியதால், அமைதியான வண்டிகள் ஓசை எழுப்பவேண்டும் என்ற சட்டத்தை 2010இல் அங்குள்ள நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஐரோப்பாவில் 2019 ஜூலையிலிருந்து புதிய மாடல்கள் மெதுவாகப் போகும்போது ஓசை எழுப்பியே ஆகவேண்டும். தெருவில் போகிறவர் கேட்ட கேள்விதான் அங்கே சட்டமானது.

பேட்டரிக்கு வருகிறேன். “பேட்டரி போனா எவ்ளோ சார்?” என்பது என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. டீக்கடையில், கோயில் வாசலில், ஆஸ்பத்திரி பார்க்கிங்கில், எங்கும் இதுதான். இதை ‘தயங்குபவர்களின் சாக்கு’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் பேட்டரியைப் பற்றித் தெரியாத வீடு எது? 2012இல் சென்னைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களில் கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் வாங்கினோம். மாசம் தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினோம். புதிதில் நாலு மணி நேரம் ஓடிய ஃபேன் மூன்றாம் வருஷம் ஒன்றரை மணி நேரத்தில் நின்றது. நாலைந்து வருஷத்தில் பழைய பேட்டரியை எடைக்குக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினோம். அதற்கும் முன்னால், ஈயப் பேட்டரி போட்ட மின்ஸ்கூட்டர்கள் ஊருக்கு ஊர் வந்து, இரண்டு வருஷத்தில் பேட்டரி போய், ஸ்டாண்டு போட்டபடி வீட்டு மூலையில் துணி காயப்போட உதவியதையும் பார்த்தோம். பேட்டரி என்பது தேயும், தேய்ந்தால் பணம் கேட்கும் என்று அனுபவத்தில் கற்றவர் கேட்கும் முதல் கேள்வி வேறு எதுவாக இருக்க முடியும்?

அவருக்குச் சொல்ல வேண்டியது இது: காரில் இருப்பது லித்தியம், இன்வெர்ட்டரில் இருக்கும் ஈயம் இல்லை, அது தேயும் வேகம் வேறு. பெரும்பாலான நிறுவனங்கள் எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று உத்தரவாதம் தருகின்றன. அதற்குப் பிறகு மாற்றினால் பல லட்சம் ஆகும். வண்டி விலையில் மிகப் பெரிய ஒற்றைப் பகுதி பேட்டரிதான். கடைசி வாக்கியத்தை நம்மில் பலர் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டுவிட்டு, கேட்டவரைப் பயந்தவர் என்கிறோம்.

“ஒரு சார்ஜுக்கு எவ்ளோ போகும்? சொல்ற கிலோமீட்டர் வருமா?” என்பதை நாம் பட்டிக்காட்டுக் கேள்வி என்று நினைத்தோம். 2021இல் தில்லி அரசு ஒரு மின்காருக்கான மானியத்தையே நிறுத்திவைத்தது. அறிவித்த தூரம் ஓடவில்லை என்று உரிமையாளர் ஒருவர் கொடுத்த புகார்தான் காரணம். தயாரித்த நிறுவனம் உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. டீக்கடைக் கேள்வி நீதிமன்றப் படி ஏறிய கதை அது. கேள்வி புதிதும் இல்லை. 1900இல் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் 1,575 மின்கார்கள். பெட்ரோல் கார்கள் ஆயிரம்கூட இல்லை. இருபது முப்பது வருஷத்தில் அந்த மின்கார்கள் சாலையிலிருந்தே மறைந்தன. எவ்வளவு தூரம் போகும், எங்கே சார்ஜ் போடுவது, விலை ஏன் இவ்வளவு என்ற இதே மூன்று கேள்விகளுக்கு அன்று பதில் இல்லாததும் அதற்கு ஒரு பெரிய காரணம்.

டைனமோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதுதான் சிரிப்பவர்களின் பிரம்மாஸ்திரம். சக்கரம் சுற்றுகிறதே, அதில் ஒரு டைனமோ வைத்தால் தானே சார்ஜ் ஏறிக்கொண்டே போகாதா என்று கேட்டால், பள்ளிக்கூட இயற்பியல்கூடத் தெரியவில்லை என்கிறார்கள். ஏற்காடு அடிவாரத்தில் ஒரு லாரி டிரைவர் என்னிடம் இதைக் கேட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவரிடம் திருப்பிக் கேட்டேன்: “அண்ணே, சின்ன வயசுல சைக்கிள்ல டைனமோ வச்சிருந்தீங்களா?” “வச்சிருந்தேன்” என்றார். “அதை டயர் மேல சாய்ச்சதும் மிதி எப்படி இருக்கும்?” அவர் ஒரு கணம் யோசித்தார். காலை லேசாக அழுத்திக் காட்டினார். “கனக்கும்.” அப்புறம் அவரே சொன்னார்: “அப்போ ஏறும்போது வச்சா வண்டி இழுக்காது. இறங்கும்போது வச்சா பிரேக் மாதிரி புடிக்கும், சார்ஜும் ஏறும்.”

மின்காரின் மோட்டார் செய்வது அச்சுப் பிசகாமல் அதைத்தான். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த என் வண்டியில், மேலே இருந்ததைவிட நாலு சதவீதம் கூடுதலாகக் காட்டியது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து அந்த எண்ணைப் படித்தார். முப்பது வருஷமாக மலைப்பாதையில் பிரேக் லைனிங் கருகும் வாடையை முகர்ந்தவர் அவர். இறக்கத்தில் வீணாகும் சக்தியின் கனம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு நம் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் கேள்வியில் பாதி சரி. மீதிப் பாதியை அவரே ஒரு நிமிஷத்தில் திருத்திக்கொண்டார்.

என்னை எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் ஒன்று உண்மை. எல்லாரும் தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை. மட்டம் தட்டவென்றே வருபவர் உண்டு. ‘பொம்மைக் கார்’ என்பார், நடுவழியில் நின்றுவிடும் பார் என்பார், நாம் சொல்லும் பதில் காதில் ஏறாது. பின்சீட்டில் பிள்ளைகள் அழ, இரவு பதினொரு மணிக்கு நெடுஞ்சாலையில் சார்ஜ் ஏறக் காத்திருக்கும்போது பதினாறாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டால் யாருக்கும் சலிக்கும். சலிப்பை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சலிப்பை மறுநாள் நாலு பேர் நடுவில் ஏளனமாக மாற்றுவதைத்தான் சொல்கிறேன்.

அந்த ஏளனத்தில் வர்க்கமும் இருக்கிறது. கேட்பவர் யார் என்று பாருங்கள். வாட்ச்மேன், டெலிவரி பையன், ஆட்டோக்காரர், டீ மாஸ்டர். இவர்கள் கார் வாங்கப் போவதில்லை, ஏன் விலாவாரியாகக் கேட்கிறார்கள் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். இந்தியாவில் விற்கும் மின்வாகனங்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டு சக்கர, மூன்று சக்கர வண்டிகள். கார் அதில் சிறு துளி. அந்த வாட்ச்மேனும் ஆட்டோக்காரரும்தான் இந்த மாற்றத்தின் உண்மையான வாடிக்கையாளர்கள். பதினைந்து லட்சத்தைப் போட்டு வாங்கியவரைவிட, ஒரு லட்சத்தை வட்டிக்கு வாங்கிப் போடப் போகிறவர் அதிகம் கேட்பார். அவர் தவறாக வாங்கினால் அவர் குடும்பம் இரண்டு வருஷம் பின்னால் போகும்.

எங்கள் தெருவுக்குப் பார்சல் கொண்டுவரும் பையன் ஒருநாள் கேட்டான்: “கரண்ட் பில் எகிறாதா சார்?” நான் பேப்பரில் போட்டுக் காட்டினேன். என் வண்டி யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் போகும். மாசம் ஆயிரம் கிலோமீட்டர் என்றால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 160 யூனிட். நமக்கு இரண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங். 350 யூனிட் வந்துகொண்டிருந்த வீடு 670க்குப் போகும். 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழே கிடைத்த சலுகையும் போகும். எல்லாம் சேர்த்து இரண்டு மாசத்துக்குச் சுமார் 2,700 ரூபாய் கூடுதல். அதே இரண்டாயிரம் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் என்றால் பதிமூன்றாயிரத்துக்கு மேல். அவன் கணக்கை ஒத்துக்கொண்டான். அப்புறம் கேட்டான்: “சார், நான் மூணாவது மாடியில வாடகைக்கு இருக்கேன். ஓனர் யூனிட்டுக்கு எட்டு ரூபா வாங்குறார். கீழ பிளக் பாயிண்டே கிடையாது. நான் எங்க போடுறது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சொந்த வீடு, சொந்த நிறுத்துமிடம், சொந்த மீட்டர் மூன்றும் உள்ளவர்களுக்காகவே இந்த மாற்றம் இதுவரை வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதை எந்த ஆய்வறிக்கையும் எனக்குச் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற இருபத்திரண்டு வயசுப் பையன் சொன்னான்.

இன்னொரு கேள்வி எண்ணூரில் கேட்டது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தேன். வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவர் பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். “இதுல புகை வராதாமே?” என்றார். வராது என்றேன். கையை நீட்டி அனல் மின்நிலையப் புகைபோக்கிகளைக் காட்டினார். “அங்க வருதே.”

கரண்டும் நிலக்கரியில்தானே வருகிறது என்ற இந்த வாதத்தை எண்ணெய்க் கம்பெனிகள் கிளப்பிவிட்ட புரளி என்று ஒதுக்குவது நம் வழக்கம். நாட்டின் மின்சாரத்தில் சுமார் எழுபது சதவீதம் நிலக்கரியில் வருவது புரளி இல்லை. மோட்டார் தனக்கு வரும் சக்தியில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது, பெட்ரோல் இன்ஜின் கால்வாசியைத்தான் கொடுக்கிறது என்று அவரிடம் சொல்லலாம். முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் சுழல்வதைச் சொல்லலாம். பெட்ரோலும் அவர் தலையில்தான் விடிந்தது என்றும் சொல்லலாம். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் அதே முகத்துவாரத்தில்தான் படிந்தது, அவர் படகும் கறுத்திருக்கும். எல்லாம் சரியான வாதங்கள். அவர் கைநீட்டிக் காட்டிய புகைபோக்கி அதனால் மறையாது. அனல் மின்நிலையங்கள் கந்தகப் புகையைக் குறைக்க வேண்டும் என்று 2015இல் போட்ட விதி தவணை மேல் தவணையாகத் தள்ளிப்போனது. என் வண்டி சுத்தமாக ஓட வேண்டுமானால் அந்த விதிக்காகவும் நான் பேச வேண்டும். அதை எனக்கு நினைவுபடுத்தியவர் அவர்.

கடைசியாக, நான் இருபது வருஷமாக வண்டி விடும் மெக்கானிக். பழைய காரை விற்ற பிறகு டயர் மாற்றவும் காற்றுப் பார்க்கவும் மட்டும் அவரிடம் போகிறேன். முதல்முறை போனபோது பானெட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். ஆயில் டிப்ஸ்டிக் இருக்கும் இடத்துக்குக் கை தானாகப் போய்த் திரும்பியது. “இன்ஜின் ஆயில் இல்ல. ஃபில்டர் இல்ல. பிளக் இல்ல. கிளட்ச்சும் இல்ல. சைலன்சர்?” இல்லை என்றேன். ஆரஞ்சு நிற ஒயர்களைக் காட்டி, “இது என்ன சார்?” என்றார். உயர் மின்னழுத்தம், பயிற்சி இல்லாமல் கை வைக்கக் கூடாது என்றேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். “அப்போ எங்களுக்கு இதுல என்ன வேலை?”

இந்தக் கேள்வியையும் கூட்டத்தில் ஒருவர் வேடிக்கையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: “நம்ம வண்டியைப் பார்த்தாலே மெக்கானிக் முகம் தொங்கிப்போகுது.” பராமரிப்புச் செலவு குறைந்தது என்று நாம் சந்தோஷமாகச் சொல்லும் ஒவ்வொரு ரூபாயும் இதுவரை யாரோ ஒருவருடைய கூலி. கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் பிஸ்டனும் வால்வும் கியரும் செய்யும் பட்டறைகளில் இதே கேள்வி இருக்கிறது.

அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு அடுத்த மாசம் போனேன். ஐடிஐகளில் மின்வாகன மெக்கானிக் என்று தனிப் பாடப்பிரிவே வந்திருக்கிறது என்றேன். ஆர்வமாகக் கேட்டார். எத்தனை மாசம் என்றார். இரண்டு வருஷம் என்றேன். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“எனக்கு நாப்பத்தெட்டு வயசு சார். ரெண்டு வருஷம் கடையைச் சாத்திட்டுப் போய் உக்காரவா?”

டயர் நாலிலும் காற்றைச் சரிபார்த்துக் கொடுத்தார். பணத்தை நீட்டினேன், வேண்டாம் என்றுவிட்டார்.